அவனாவது நானாவது

சென்னையிலிருந்து குன்றத்தூருக்குச் செல்ல இரண்டு வழிகள் பெயர்பெற்றவை. பல்லாவரத்தில் திரும்பிப் பம்மல், அனகாபுத்தூர் வழியாகச் செல்வது ஒன்று. போரூரில் திரும்பிக் கெருகம்பாக்கம், கோவூர் வழியாகச் செல்வது மற்றொன்று. சேக்கிழார் பெருமான் பிறந்த அவ்வூருக்கு வழி கேட்பவரிடம், “பல்லாவரம் வழியாகவாவது போரூர் வழியாகவாவது போகலாம்” என்று சொல்லுகிறோம். கேட்டவர் ஐயமின்றிப் புறப்பட்டுவிடுகிறார்.

அத்தொடரைச் சற்றே மாற்றி, “பல்லாவரம் வழியாகவும் போரூர் வழியாகவும் போகவேண்டும்” என்று சொன்னால் என்ன ஆகும்? பாவம், அவர் ஒரு வழியாக ஊருக்குள் நுழைந்து, மறு வழியாக வெளியேறி, சுற்றிக்கொண்டே இருக்க நேரும். மாறியவை எவை? ‘ஆவது’ என்பது ‘உம்’ ஆயிற்று. ‘லாம்’ என்பது ‘வேண்டும்’ ஆயிற்று. முன்னது, இரண்டில் ஒன்றா, இரண்டுமா என்பதைக் காட்டும் சொல். பின்னது, விருப்பமா, கட்டாயமா என்பதைக் காட்டும் சொல். இவ்விரண்டும் ஒரு தொடரில் கூடும்போது யார், எதற்கு, எவ்வளவு கட்டுப்பட்டவர் என்பது முடிவாகிவிடுகிறது. ஆகவே இவை சிறு சொற்களே ஆயினும் பெரும் பொறுப்புடையவை.

ஆங்கிலம் பயிலும் நம் மாணவர்கள் இடர்ப்படும் இடங்களில் இதுவும் ஒன்று. ‘போத் - அண்ட்’, ‘ஐதர் - ஆர்’, ‘நைதர் - நார்’, ‘நாட் ஒன்லி - பட் ஆல்சோ’ என்று இரட்டையாக வரும் இணைப்புச் சொற்களை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆனால் அவற்றுக்கிடையே நான், நீ, அவன் என்னும் மூவிடப் பெயர்கள் வந்து அமர்ந்ததும், வினை யாரைச் சார்ந்து நிற்கவேண்டும் என்று தெரியாமல் திகைக்கிறார்கள். இந்தத் திகைப்பைப் போக்குவதற்குத் தமிழ் இலக்கணமே நமக்குப் பெருந்துணையாக இருக்கிறது. அதை இங்கே காண்போம்.

முதலில் இரு மொழிகளின் அமைப்பில் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். தமிழில் இணைக்கும் இடைச்சொல் பெயருக்குப் பின்னே ஒட்டி வரும். ஒரே சொல்லே ஒவ்வொரு பெயரோடும் வரும். “அவனும் நானும்”, “அவனோ நானோ”, “அவனாவது நானாவது” என்பவற்றைக் காண்க. எண்ணப்படும் பொருள்கள் எத்தனையாயினும் இம்முறை மாறுவதில்லை. குன்றத்தூரில் முருகன் கோயிலும் நாகேசுவரர் கோயிலும் திருவூரகப் பெருமாள் கோயிலும் உண்டு என்று மூன்று உம்மைகளை அடுக்குகிறோம். இன்னும் பத்துக் கோயில்கள் இருந்தாலும் பத்து உம்மைகளை அடுக்கத் தடையில்லை. இதனை எண்ணும்மை என்பர். தொல்காப்பியர் உம்மைக்குக் கூறிய எட்டுப் பொருள்களில் எண்ணும் ஒன்று. பவணந்தி முனிவரின் நன்னூலும் அவ்வாறே கூறும்.

ஆங்கிலத்திலோ இரண்டு சொற்களும் வெவ்வேறானவை. அவை பெயருக்கு முன்னே நிற்கும். முதற் சொல் முன்னறிவிப்புச் செய்கிறது. இரண்டாம் சொல் அதை நிறைவேற்றுகிறது. ‘ஐதர்’ என்று கேட்டதும் ‘ஆர்’ எப்போது வரும் என்று காது காத்திருக்கிறது. ‘நைதர்’ என்று தொடங்கினால் ‘நார்’ என்று முடிக்கவேண்டும். அங்கே ‘ஆர்’ போடுவது பிழை. மேலும் ‘போத்’ என்பது இரண்டுக்கே உரியது. ஆதலின் மேற்சொன்ன மூன்று கோயில்களையும் ‘போத்’ என்று தொடங்கி எண்ணுதல் ஆகாது. மூன்று உம்மைகளை அடுக்கிப் பழகிய நாம் கருத்தாக இருக்கவேண்டிய முதல் இடம் இது.

அடுத்து, மூவிடப் பெயர்கள் கலந்து வரும்போது வினைமுற்று எப்படி அமையும் என்று பார்ப்போம். “அவன் வருவான்”, “நான் வருவேன்” என்பவை தனித்தனியே தெளிவானவை. இருவரையும் சேர்த்தால், “அவனும் நானும் வருவோம்” என்கிறோம். “வருவார்கள்” என்று எவரும் சொல்வதில்லை. படர்க்கையானவன் ஒருவன் தன்மையோடு சேர்ந்தவுடன், தன்மை அவனைத் தன்னுள் அடக்கிக்கொள்கிறது. இதனை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று நம் இலக்கணத்தார் பெயரிட்டனர். முன்னிலையாரை உளப்படுத்தும் விகுதிகள் இவை, படர்க்கையாரை உளப்படுத்துபவை இவை, இருவரையும் உளப்படுத்துபவை இவை என்று நன்னூல் பகுத்தே கூறுகிறது. யார் யாரோடு சேர்ந்து ஒரு செயலைச் செய்கிறார் என்பதை அவ்வளவு நுட்பமாக நோக்கிய மொழி நம்முடையது.

இந்த நுட்பம் நம் பேச்சில் இன்றும் உயிரோடு இருக்கிறது. “நீயும் நானும்” என்றால் ‘நாம்’. “அவனும் நானும்” என்றால் ‘நாங்கள்’. கேட்பவரை உள்ளே சேர்ப்பதும் வெளியே நிறுத்துவதும் இந்த இரு சொற்களால் விளங்கிவிடும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘வீ’ என்னும் ஒரே சொல்தான். ஆகவே ஆங்கிலத்தில் கேட்பவரைச் சேர்த்துச் சொல்லுகிறோம் என்பதை ஐயமறக் காட்டவேண்டுமானால், ‘போத் யூ அண்ட் ஐ’ என்று இரட்டைச் சொல்லைக் கொண்டே விரித்துச் சொல்லவேண்டி வரும். நமக்கு ஒரு சொல்லில் முடிவது அவர்களுக்கு நான்கு சொற்களாகிறது. அந்த மொழியில் இரட்டை இணைப்புக்கு உள்ள பயன்களுள் இதுவும் ஒன்று.

‘அண்ட்’ சேரும் இடத்தில் ஆங்கிலத்திலும் தொல்லை இல்லை. இருவர் சேர்ந்தால் பன்மை; அவ்வளவே. தொல்லை ‘ஆர்’, ‘நார்’ வரும் இடத்தில்தான். வகுப்பறையின் சாவி அவனிடமாவது என்னிடமாவது இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதனை ஆங்கிலத்தில் சொல்லும்போது வினை ‘ஹேஸ்’ என்று வருமா, ‘ஹேவ்’ என்று வருமா? ‘ஹீ’ என்பதற்கு ‘ஹேஸ்’ உரியது. ‘ஐ’ என்பதற்கு ‘ஹேவ்’ உரியது. இருவரில் ஒருவரிடம் மட்டுமே சாவி இருப்பதால் பன்மையென்றும் கொள்வதற்கில்லை. இவ்விடத்தில் ஆங்கில இலக்கண நூலார் ஒரு வழி வகுத்தனர். வினைக்கு அருகில் எந்தப் பெயர் நிற்கிறதோ அதைப் பின்பற்றுக என்பது அது. ஆதலின் ‘ஐதர் ஹீ ஆர் ஐ ஹேவ் த கீ’ என்பது சரி. பெயர்களை முன்பின்னாக மாற்றினால், ‘ஐதர் ஐ ஆர் ஹீ ஹேஸ் த கீ’ என்று வினையும் மாறும். ‘நைதர் - நார்’ என்பதற்கும் இதுவே முறை.

விதி எளிதுதான். ஆயினும் செவிக்கு அது முழு நிறைவு தருவதில்லை. அருகிலிருப்பவனுக்கு மட்டும் வினை உரிமையாகி, எட்டி நிற்பவன் ஆதரவற்றுப் போகிறான். தமிழில், “அவனோ நானோ வருவோம்” என்று ஒருவரே வரக்கூடிய இடத்திலும் உளப்பாட்டுப் பன்மையைக் கொண்டு இருவரையும் தழுவிக்கொள்கிறோம். ஆங்கிலத்துக்கு அந்த வசதி இல்லை.

இனித்தான் நம் பொருளின் சுவையான பகுதிக்கு வருகிறோம். மேற்கண்ட தொல்லை முழுவதும் ஒரு வகை வினைகள் வந்ததும் மறைந்துவிடுகிறது. ‘கேன்’, ‘மே’, ‘மஸ்ட்’, ‘ஷல்’, ‘வில்’ என்னும் துணைவினைகளே அவை. இயலுதல், இசைவு, கட்டாயம், உறுதி முதலிய கருத்துகளைத் தருபவை. ‘ஹீ மஸ்ட்’, ‘ஐ மஸ்ட்’, ‘யூ மஸ்ட்’, ‘தே மஸ்ட்’ என்று எவ்விடத்தும் ஒரே வடிவம். ஆகவே, ‘ஐதர் ஹீ ஆர் ஐ மஸ்ட் கோ’ என்று சொல்லும்போது வினை யாரைச் சார்ந்தது என்ற வினாவே எழுவதில்லை. ‘நைதர் யூ நார் ஹீ மே லீவ்’ என்பதும் அவ்வாறே. முன்னும் பின்னும் மாற்றினாலும் வினை அசையாது நிற்கும்.

ஏன் இப்படி? மற்ற வினைகள் படர்க்கை ஒருமையில் ‘எஸ்’ என்னும் ஒலியை ஏற்க, இவை மட்டும் ஏன் ஏற்பதில்லை? ஆங்கில மொழி வரலாறு இதற்கு விடை கூறுகிறது. ‘கேன்’, ‘மே’, ‘ஷல்’ முதலியவை மிகப் பழங்காலத்தில் இறந்தகால வடிவங்களாக இருந்து, பின்னர் நிகழ்காலப் பொருளைப் பெற்றவை. ஆங்கிலத்தின் இறந்தகால வினை படர்க்கையில் ‘எஸ்’ ஏற்பதில்லையன்றோ? அந்தப் பழைய உடையோடுதான் இவை இன்றும் உலவுகின்றன. ‘வில்’ என்பது வேறு வழியில் வந்ததாயினும் இக்கூட்டத்தோடு சேர்ந்து இவற்றின் நடையையே மேற்கொண்டது.

தமிழிலும் இதற்கு நேரான நிலை உண்டு என்பதுதான் வியப்பு. “நான் போகவேண்டும்”, “நீ போகவேண்டும்”, “அவர்கள் போகவேண்டும்” என்று எல்லா இடத்துக்கும் ‘வேண்டும்’ என்பது ஒன்றே. ‘கூடும்’, ‘முடியும்’, ‘லாம்’ என்பவையும் அப்படியே. விகுதியால் திணை, பால், இடம் காட்டும் தமிழ் வினை, இங்கு மட்டும் ஏன் காட்டுவதில்லை?

காரணம் ஆராய்ந்தால் விளங்கும். ‘வேண்டும்’ என்பது ‘செய்யும்’ என்னும் வாய்பாட்டு முற்று. அவ்வாய்பாடு படர்க்கையில் பலர்பால் ஒழிந்த ஏனையவற்றுக்கே உரியது. தன்மைக்கும் முன்னிலைக்கும் அது வராது. “நான் போகும்” என்று சொல்ல முடியாது. பின்னர் “நான் போகவேண்டும்” என்பது எப்படிப் பொருந்திற்று? அங்கே ‘வேண்டும்’ என்பதன் எழுவாய் ‘நான்’ அன்று. போதலாகிய தொழிலே எழுவாய். “நான் போதல் வேண்டும்” என்று விரித்துப் பார்த்தால் உண்மை புலப்படும். போதல் என்னும் அஃறிணைப் பெயருக்கு ‘வேண்டும்’ என்னும் முற்று இயல்பாகவே பொருந்துகிறது. “போகலாம்” என்பதும் “போகல் ஆம்”, அதாவது போதல் ஆகும், தகும் என்று விரிவதே. செய்பவர் எவராயினும் செயல் ஒன்றே. ஆதலின் வினையும் ஒன்றே.

ஆகவே இரு மொழிகளும் ஒரே இடத்தை வந்தடைந்தன. வந்த வழிகள் வேறு. ஆங்கிலத் துணைவினை பழைய காலத்தின் வடிவத்தைக் கைவிடாமையால் மாறாது நிற்கிறது. தமிழ்த் துணைவினை ஆளை நோக்காமல் செயலை நோக்குவதால் மாறாது நிற்கிறது. “அவனாவது நானாவது போகவேண்டும்” என்பதும் ‘ஐதர் ஹீ ஆர் ஐ மஸ்ட் கோ’ என்பதும் இதனால் சொல்லுக்குச் சொல் ஒத்த தொடர்களாக அமைந்துவிடுகின்றன. ஆங்கிலம் பயிலும் தமிழ் மாணவர் ஐயமின்றிக் காலூன்றக்கூடிய இடம் இது.

ஆனால் ஓரிடத்தில் இந்த ஒப்புமை தவறுகிறது. அது பெயரின் வேற்றுமை பற்றியது. நாம் “என்னால் முடியும்” என்று மூன்றாம் வேற்றுமையும், “எனக்குத் தெரியும்” என்று நான்காம் வேற்றுமையும் கொடுக்கிறோம். “அவனாலும் என்னாலும் முடியும்” என்பதே நம் வழக்கு. ஆங்கிலத்தில் ‘கேன்’ என்பதற்கு முன்னே எழுவாய் வேற்றுமையே வரவேண்டும். ‘போத் ஹீ அண்ட் ஐ கேன்’ என்பதே சரி. ‘போத் ஹிம் அண்ட் மீ கேன்’ என்பது எழுத்து நடைக்கு ஆகாது. தனியே வரும்போது எவரும் ‘மீ கேன்’ என்று சொல்லமாட்டார். இரட்டையில் வந்தவுடன் கவனம் சிதறி, பெயர் தன் வேற்றுமையை இழந்துவிடுகிறது.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. இரட்டையைப் பிரித்து, ஒவ்வொரு பெயரையும் தனித்தனியே வினையோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். ‘ஹீ கேன்’ சரி. ‘ஐ கேன்’ சரி. எனவே இரண்டும் சேர்ந்ததும் சரி. வினைக்குப் பின்னே செயப்படுபொருளாக வந்தால், ‘த டீச்சர் வில் கால் ஹிம்’, ‘த டீச்சர் வில் கால் மீ’ என்று தனித்தனியே ஒலிக்கிறது. எனவே சேர்க்கும்போதும் ‘ஐதர் ஹிம் ஆர் மீ’ என்றே வரும். இச்சோதனையில் தேறாத தொடரை எழுதாதீர்கள். பெயர்களை வைக்கும் வரிசையிலும் ஒரு நாகரிகம் உண்டு. நாம் “நானும் அவனும்” என்று தயங்காமல் சொல்லுகிறோம். ஆங்கில வழக்கில் பிறரை முன்வைத்துத் தன்னைப் பின்வைப்பதே மரியாதை.

பின்னால் வரும் பெயரும் கருதத்தக்கது. இராமனும் கண்ணனும் தத்தம் நூலைக் கொண்டுவரவேண்டும் என்கிறோம். ‘தத்தம்’ என்னும் ஒரு சொல், அவரவர்க்கு உரிய நூல் தனித்தனி என்பதை இனிது காட்டுகிறது. ஆங்கிலத்தில் ‘போத் - அண்ட்’ வந்தால் ‘தேர்’ என்னும் பன்மையே வரும். நூல் ஒன்றா, இரண்டா என்பதை நூல் என்னும் சொல்லின் ஒருமை பன்மையால்தான் அறியவேண்டும். ‘நைதர் - நார்’ வந்தால், இருவரும் ஆடவராயின் ‘ஹிஸ்’ என்னும் ஒருமை பொருந்தும். ஒருவர் ஆண், ஒருவர் பெண் என்றால், இக்காலத்தார் ‘தேர்’ என்பதையே மிகுதியும் மேற்கொள்கின்றனர்.

இனி எதிர்மறைக்கு வருவோம். பிழை மிகுதியாக நேர்வதும், பொருள் அடியோடு மாறுவதும் இங்கேதான். தமிழில் ‘நைதர் - நார்’ என்பதற்கு நேரான தனி இடைச்சொல் இல்லை. உம்மையை இட்டு வினையை எதிர்மறையாக்குகிறோம். “அவனும் வரவில்லை, நானும் வரவில்லை” என்பது நம் வழி. இந்தப் பழக்கத்தால் ஆங்கிலத்திலும் வினையை எதிர்மறையாக்கி, ‘நைதர் ஹீ நார் ஐ கேனாட்’ என்று எழுதிவிடுகிறோம். ‘நைதர்’ என்னும் சொல்லிலேயே எதிர்மறை அடங்கிவிட்டது. வினை உடன்பாட்டிலேயே நிற்கவேண்டும். ‘நைதர் ஹீ நார் ஐ கேன்’ என்பதே முறை. இரண்டு இன்மைகள் கூடினால் உண்மை ஆகிவிடும் என்பதை மறக்கலாகாது.

எதிர்மறைச் சொல் தொடரின் தலையில் வந்து நின்றால், ஆங்கிலத் துணைவினை எழுவாய்க்கு முன்னே தாவிவிடும் என்பதையும் நினைவிற்கொள்க. ‘ஹீ கேன்’ என்பது, ‘நாட் ஒன்லி’ முன்வந்தவுடன் ‘நாட் ஒன்லி கேன் ஹீ ரீட்’ என்று ஆகும். “என்னால் இயலாது, அவனாலும் இயலாது” என்னும் கருத்தில் இரண்டாம் பகுதி ‘நார் கேன் ஹீ’ என்று வரும். ‘நாட் ஒன்லி’ எந்தச் சொல்லுக்கு முன் நிற்கிறதோ, ‘பட் ஆல்சோ’ என்பதும் அதே இனத்துச் சொல்லுக்கு முன் நிற்கவேண்டும். பெயருக்கு முன் ஒன்றும் வினைக்கு முன் மற்றொன்றுமாக வைத்தால், சமமில்லாத தட்டுகளைக் கொண்ட தராசு போலத் தொடர் சாய்ந்துவிடும்.

இனித் தமிழ்த் தொடரிலேயே உள்ள ஓர் ஐயத்தைப் பாருங்கள். “இரண்டு வினாக்களுக்கும் விடை எழுதக்கூடாது” என்று ஓர் அறிவிப்பு இருப்பதாகக் கொள்வோம். ஒன்றுக்கும் எழுதக்கூடாது என்பது அதன் பொருளா? இரண்டில் ஒன்றுக்கு மட்டும் எழுதவேண்டும், இரண்டுக்கும் எழுதலாகாது என்பது பொருளா? இரண்டு பொருளும் அத்தொடருக்கு உண்டு. உம்மை முற்றையும் காட்டும்; எதிர்மறை அந்த முற்றை மட்டும் விலக்கவும் கூடும், ஒவ்வொன்றையும் விலக்கவும் கூடும். வினாத்தாளில், ‘அ அல்லது ஆ’ என்று தெளிவாக அச்சிடுவது இந்த ஐயத்துக்கு இடம் கொடாமைக்கே. கல்லூரி மாணவர்கள் அத்தகைய வினாவமைப்பை ‘ஐதர் ஆர்’ என்றே பேச்சில் குறிப்பிடுவதையும் கேட்கிறோம்.

துணைவினையின் எதிர்மறையும் இதுபோன்றதே. ‘மஸ்ட்’ என்பது ‘வேண்டும்’. ஆனால் ‘மஸ்ட் நாட்’ என்பது ‘வேண்டியதில்லை’ அன்று, ‘கூடாது’ என்பதாகும். ‘வேண்டியதில்லை’ என்பதற்கு ‘நீட் நாட்’ என்று வேறு சொல் உண்டு. “நீயும் அவனும் வரவேண்டியதில்லை” என்பதை ‘மஸ்ட் நாட்’ என்று மொழிபெயர்த்தால், வந்தாலும் வரலாம் என்ற விடுதலை, வரவே கூடாது என்ற தடையாக மாறிவிடும். வீட்டுக்கு வர விரும்பும் நண்பரை வாயிலில் தடுத்ததாக முடியும்.

இவையெல்லாம் பள்ளிக்கூடத்து நுணுக்கங்கள்தாமே, வாழ்க்கையில் இவற்றால் என்ன என்று சிலர் எண்ணலாம். ஒரு துணைவினை ஒரு நாட்டையே ஆராயச் செய்த வரலாறு நம் காலத்துக்குச் சற்று முன்னேதான் நிகழ்ந்தது.

இந்திய அரசியலமைப்புச் சட்டம், 1950 சனவரி 26 முதல் 15 ஆண்டுகளுக்கு, நடுவண் அரசின் அலுவல்களில் ஆங்கிலம் முன்போலவே தொடரும் என்று வகுத்திருந்தது. அந்தக் கெடு 1965 சனவரி 26 அன்று முடிய இருந்தது. அதற்குப் பின்னும் ஆங்கிலம் வழங்குவதற்காக 1963 ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியோடு ஆங்கிலமும் தொடர்ந்து பயன்படுத்தப்படலாம் என்று கூறிய அச்சட்டத்தின் மூன்றாம் பிரிவில் நின்ற துணைவினை ‘மே’ என்பது. அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த அறிஞர் அண்ணா, அச்சொல் போதாது, ‘ஷல்’ என்று இருத்தல் வேண்டும் என்று வாதாடினார். ‘மே’ என்றால் பயன்படுத்தலாம். பயன்படுத்தாமலும் விடலாம் என்று கொள்ள இடமுண்டு. ‘ஷல்’ என்றால் பயன்படுத்தியே தீரவேண்டும். பிரதமர் நேரு, ‘மே’ என்பது அங்கு ‘ஷல்’ என்னும் பொருளையே தரும் என்று விளக்கம் அளித்தார். ஆயினும் விளக்கம் சொன்னவர் 1964 மே திங்களில் மறைந்தார். சட்டத்தின் சொல் மட்டும் அப்படியே நின்றது.

1965 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தமிழகத்தில் மாணவர்கள் மேற்கொண்ட மொழிப் போராட்டமும், அதில் நேர்ந்த உயிரிழப்புகளும் வரலாற்றில் இடம்பெற்றவை. அந்தப் போராட்டத்துக்கு ஒரு சொல் மட்டுமே காரணம் என்று கூறுவது பொருந்தாது. ஆனால் மக்கள் கொண்ட ஐயத்துக்கு அச்சொல்லும் இடம் தந்தது. பின்னர் 1967 இல் திருத்தச் சட்டம் வந்தது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களோடு நடுவண் அரசு கொள்ளும் தொடர்புக்கு ஆங்கிலமே பயன்படுத்தப்படவேண்டும் என்று அதில் ‘ஷல்’ இடம்பெற்றது. நடுவண் அரசின் தீர்மானங்கள், பொது ஆணைகள், விதிகள், அறிவிக்கைகள் முதலியவற்றுக்கு இந்தி, ஆங்கிலம் ஆகிய இரண்டுமே பயன்படுத்தப்படவேண்டும் என்னும் பகுதியில், ‘போத் - அண்ட்’ என்னும் இரட்டையும் ‘ஷல்’ என்னும் துணைவினையும் ஒருங்கே அமைந்தன.

‘ஐதர் - மே’ என்று அமைந்திருந்தால் அது இசைவு. ‘போத் - ஷல்’ என்று அமைந்ததால் அது கடமை. குன்றத்தூருக்கு வழி சொல்லும்போது கண்ட அதே வேறுபாடு இங்கே சட்டத்தின் உயிராக நிற்கிறது. இலக்கணம் என்பது தேர்வுக்கு மட்டும் உரியதன்று. ஒப்பந்தத்திலும் ஆணையிலும் சட்டத்திலும் நம் உரிமையைக் காக்கும் வேலியும் அதுவே.

ஆகவே மாணவர்களே, இத்தகைய தொடரை எழுதும் முன் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இருவருமா, இருவரில் ஒருவரா, இருவரும் இல்லையா என்பது முதற்கேள்வி; இரட்டைச் சொல் அதற்கு விடை. இசைவா, இயல்பா, கட்டாயமா என்பது இரண்டாம் கேள்வி. துணைவினை அதற்கு விடை. பெயர் தனித்து நின்றாலும் இந்த வடிவத்திலேயே நிற்குமா என்பது மூன்றாம் கேள்வி. வேற்றுமை அதற்கு விடை. எதிர்மறை ஒருமுறைதான் வந்திருக்கிறதா, அது எதை விலக்குகிறது என்பது நான்காம் கேள்வி. தமிழில் முதலில் தெளிவாக எண்ணி, பின்னர் ஆங்கிலத்தின் இயல்புக்கு ஏற்ப எழுதுக. தன் மொழியில் உம்மைக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு அறிந்தவர்க்குப் பிற மொழியின் இரட்டைச் சொற்கள் அச்சம் தருவதில்லை. ஆணையையோ ஒப்பந்தத்தையோ கையில் எடுக்கும்போது, கையொப்பம் இடுவதற்கு முன்னர், அதில் நிற்பது ‘லாம்’ தானா, ‘வேண்டும்’ தானா என்று ஒருமுறை நிறுத்திப் படியுங்கள்.